ஏழாம் எண் நீக்கப்பட்டது

மிளகுக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் மிளகைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். ஆள் சின்னது, காரம் பெரிது என்று கல்லூரி வைத்த பெயர் அது. ஆனால் அந்த வியாழக்கிழமை மத்தியானம் வந்த கோபத்துக்கு முதல்தரமான காரணம் இருந்தது. கூட்டு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், அட்டவணையின் கடைசி வரியில் அது உட்கார்ந்திருந்தது. மொத்தப் பங்கேற்பாளர்கள்: இருபத்திரண்டு.

அவள் பேட்டி எடுத்தது இருபத்திமூன்று பேரை. ஒவ்வொருவரிடமும் படிவத்தில் கையெழுத்து வாங்கி, எண் போட்டு, சொன்னதையெல்லாம் எழுதியிருந்தாள். கை எத்தனை தடவை எழுகிறது என்று எண்ணும் பட்டையை இருபத்திமூன்று பேர் கையிலும் கட்டி அளந்ததும் நடந்தது. அப்படியிருக்க ஒரு ஆளை எந்தப் பூதம் விழுங்கியது? விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஆறுக்கு அடுத்தது எட்டு. ஏழைக் காணவில்லை.

யார் செய்த வேலை என்று யோசிக்கவே தேவையில்லை. சராசரியின் வேலை.

அந்தக் கல்லூரியில் ஏதோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்த ஏற்பாடு இது. கடைசி ஆண்டு ஆய்வை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. சமூகவியல் படிக்கிற ஒருவரும் பொறியியல் படிக்கிற ஒருவரும் ஜோடி சேர வேண்டும். மனிதர்களும் எந்திரங்களும் கைகோத்துக்கொள்ளுமாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மிளகுக்கு வாய்த்தவன்தான் சராசரி. நெட்டையான, நல்ல பையன். யார் வம்புக்கும் போகமாட்டான். கேன்டீன் டீ எப்படி என்று கேட்டால்கூட, "சராசரியா பாத்தா பரவாயில்ல" என்பான். அந்த வாய்க்குக் கிடைத்த பெயர் அது.

ஆய்வு நடந்த இடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளக் கூடம். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் எந்திரங்கள். நடுவில், சூடான உருளைகள் சுழலும் தேய்ப்பு எந்திரம். ஈரப் படுக்கை விரிப்பைக் கைகளைத் தூக்கி ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து, மடிப்புக் கலையாமல் வந்து விழும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கொடுக்கிறவருக்குத்தான் தெரியும் பாடு. எட்டு மாதத்துக்கு முன்புவரை அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் துவைத்த ஈரத்துணியை அள்ளிப் போட, இன்னொருவர் உருளைக்குக் கொடுப்பார். மேனேஜர் ஒரு ஆளை எடுத்துவிட்டார். இப்போது இரண்டையும் ஒருத்தியே செய்கிறாள்.

தொழிலாளர்கள் முறையிட்டபோது, "காலேஜ் பசங்க அளந்து சொல்லட்டும்" என்றார் மேனேஜர். கடிதமும் எழுதிக் கொடுத்தார். எந்த வேலையில் ஒரு மணி நேரத்தில் கை தோளுக்கு மேல் இருநூறு தடவைக்கு அதிகமாக எழுகிறது என்று அளவீட்டில் தெரிந்தாலும், அங்கே இரண்டாவது ஆளைத் திரும்பப் போடுவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அளந்தால் ஒன்றும் வராது என்ற தைரியமோ என்னவோ.

அளந்தார்கள். வந்தது. எல்லோருக்கும் நூற்று நாற்பது, நூற்று எழுபது என்றிருக்க, ஏழாம் எண்ணுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

மிளகு பொறியியல் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தள்ளிய வேகத்தில் உள்ளே திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"ஏழாம் நம்பர் எங்கடா?"

சராசரி கணினியிலிருந்து திரும்பினான். "ஓ, அதுவா? அது பிழை. நீக்கிட்டேன்."

"பிழையா?"

"எல்லாரும் நூத்தி அம்பதுல இருக்கும்போது ஒண்ணு மட்டும் நானூறைத் தாண்டுது. பட்டை லூசாகி ஆடியிருக்கும். அப்படி ஒண்ணு எக்குத்தப்பா வந்தா எடுத்துடணும்னு சார் சொல்லிக் குடுத்திருக்காரு. இப்ப வரைபடம் பாரேன், எவ்வளவு சுத்தமா இருக்கு."

சுத்தமாம்.

"துணி துவைக்கிற இடத்துக்குப் போய் மனுஷியத் துவைச்சுத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்க. அதுல சுத்தம் வேறயா உனக்கு? ஏன்டா, எல்லாரும் ஒரு ஆள் வேலை பாக்கறாங்க, அவங்க ரெண்டு ஆள் வேலை பாக்கறாங்க. நம்பர் ஏறாம இறங்கவா செய்யும்?"

"சரி, கத்தாதே. யாருன்னு சொல்லு. நாளைக்கே போய் மறுபடி அளந்துட்டு வரேன்."

இங்கேதான் மிளகின் வாய் அடைத்தது. யார் என்று சொல்ல முடியாது. பங்கேற்பாளரின் பெயர் வெளியே வராது என்று படிவத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைக்கூட விதிப்படி துண்டு துண்டாக வெட்டிப் போட்டாயிற்று. எல்லோரையும் ஒரே நாளில் அளந்ததே, யாரும் தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். இப்போது ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு அளந்தால் சூப்பர்வைசருக்கு விளக்குப் போட்டுக் காட்டிய மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு அவள் மீதே கோபம் வந்தது. ஏழாம் எண் அவளுடைய சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. மூன்று வருடமாக மிளகு தங்கிப் படிப்பது அந்தச் சித்தி வீட்டில்தான். கூடத்தில் வலியோடு தூக்குகிற சித்தியின் வலது கை, விடியும்போது விறைத்துப்போய்த் தோளுக்கு மேல் போவதில்லை என்பதால், தினமும் காலையில் சித்திக்குத் தலைவாரிப் பின்னிவிடுவதும் மிளகுதான். ஆனால் படிவத்தில் ஒரு வரி இருந்தது: பேட்டி எடுப்பவருக்கும் பங்கேற்பாளருக்கும் உறவு எதுவும் இல்லை. அதற்கு எதிரே அவள் ஒரு டிக் போட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் சித்தியை விட்டுவிடச் சொல்வார்கள். சித்தியை விட்டுவிட்டு அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? ஒரு டிக்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று போட்டுத் தொலைத்தாள்.

"ஆளைச் சொல்ல மாட்டேன்" என்றாள். "இடத்தைச் சொல்றேன். தேய்ப்பு மெஷின். காலை ஷிஃப்ட். பட்டை ஆடுச்சா இல்லையான்னு உனக்குத் தெரியணும்ல? நீயே கட்டிக்கோ. நீயே ஒரு மணி நேரம் அந்த வேலையப் பாரு."

"நானா?"

"ஏன், உன் கைக்கு என்ன கேடு?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சராசரி பட்டை கட்டிக்கொண்டு எந்திரத்தின் முன் நின்றான். மிளகு விடுவாளா, அவனிடமும் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள், இருபத்திநாலாம் எண் என்று. பொறியியல் பையன் எந்திரத்தைக் கையாண்டு பார்க்க ஆசைப்படுகிறான் என்று சொன்னதும் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார். சித்தி கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

முதல் பத்து நிமிடம் பையன் ஜோராகத்தான் செய்தான். இருபதாவது நிமிடம் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முப்பதாவது நிமிடம், "இது எப்ப தீரும்?" என்று கேட்டான். சித்தி பின்னால் திரும்பிக் காட்டினாள். துவைக்கும் எந்திரங்கள் மூன்று ஒன்றாக நின்றிருந்தன. மூன்றிலும் ஈரத்துணி.

"அது தீந்தா அடுத்தது வரும் தம்பி" என்றாள். "ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கு ஆளா இல்ல?"

ஒரு மணி நேரம் முடிந்தபோது தள்ளுவண்டியில் இன்னும் கொஞ்சம் துணி கிடந்தது. சராசரி தரையில் உட்கார்ந்துவிட்டான். பட்டையில் முந்நூற்று எண்பத்தெட்டு என்று காட்டியது. அதுவும் வண்டி காலியாவதற்குள்.

இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துத் தண்ணீர் குடித்தான். சித்தியைப் பார்த்தான், மிளகைப் பார்த்தான். அதே மூக்கு, கோபம் வந்தால் அதே மாதிரி சுருங்குகிற நெற்றி. ஜாடை அப்படியே இருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று மிளகுக்கும் புரிந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவள் அவனை மனசுக்குள் கொஞ்சம் மன்னித்தாள். கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை இருவரும் பொறியியல் வழிகாட்டியிடம் போனார்கள். சார் இரண்டு எண்களையும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஏழு பிழைன்னு முடிவு பண்ணியாச்சு. இருபத்திநாலு நீயே. நீ ஆராய்ச்சியாளர், தொழிலாளி இல்ல. ரெண்டையும் விட்டுடுங்க. நாளைக்கு அந்த மேனேஜரும் வராரு. அடுத்த வருஷப் பசங்களுக்கும் அந்த இடம் வேணும். இருபத்திரண்டு பேர், சராசரி நூத்தி அறுபத்திமூணு, வரம்புக்குள்ள இருக்கு. இதைச் சொல்லிட்டு உக்காருங்க."

"சார், அப்ப அங்க ரெண்டாவது ஆளே வரமாட்டாங்க சார்" என்றாள் மிளகு.

"அது நம்ம பிரச்சனை இல்லம்மா."

யாருடைய பிரச்சனையாம் பிறகு? அளக்கப் போனபோது மட்டும் நம்முடையதாக இருந்ததா? மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அறிக்கையை மேசையில் எறிந்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது சித்தி அதை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மிளகு எழுதிய பகுதியை.

"இது என்னடி?" என்று விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள் சித்தி. "பங்கேற்பாளர்களில் ஒருவர் பணிச்சுமை குறித்து மிதமான அதிருப்தியை வெளிப்படுத்தினார். யாரு அந்த ஒருத்தர்?"

மிளகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"நான்தானே? நான் என்ன சொன்னேன் அன்னிக்கு? அந்த மேனேஜர் ஒரே ஒரு நாள் வந்து இந்தத் துணியத் தூக்கிப் பாக்கட்டும், சாயங்காலம் அவன் பொண்டாட்டிதான் அவனுக்குச் சோறு ஊட்டணும்னு சொன்னேன். ராத்திரி புரண்டு படுத்தா உயிர் போகுதுன்னு சொன்னேன். அழுதேன்டி. நீயும் கூட அழுத. இதுவா மிதமா?"

"சித்தி, அறிக்கையில அப்படித்தான் எழுதணும். உணர்ச்சி தெரியக் கூடாது."

"அந்தப் பையன் என் கணக்க அடிச்சுட்டான்னு நாலு நாளா குதிக்கற. நீ மட்டும் என்ன பண்ணியிருக்க? நான் பேசினதையே அடிச்சுட்டு நிக்கற. அவனாவது தெரியாம பண்ணினான்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மிளகுக்கு இவ்வளவு வலித்திருக்காது. மூன்று வருடப் படிப்பு, ஊரெல்லாம் மனிதர்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று மேடையில் பேசிய பேச்சு, எல்லாம் அந்த ஒரு வரியில் பல்லிளித்தது. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் அவளுக்கு இன்னும் கோபம்தான் வரும்.

"பேரு வெளிய வரக் கூடாது, வேலைக்கு ஆபத்துன்னுதானே சித்தி எல்லாத்தையும் மறைச்சு மறைச்சு எழுதினேன்?"

"என் பேரைச் சொல்லாதேன்னு நான் எப்பக் கேட்டேன்? நீதான் ஒரு காகிதத்தை நீட்டி, பேர் வராது, பேர் வராதுன்னு மந்திரம் மாதிரி சொன்ன. சரி, புள்ள ஆசைப்படுதுன்னு கையெழுத்துப் போட்டேன். எனக்கென்ன பயம்? நான் என்ன திருடினேனா? சொல்லு. நாளைக்கே சொல்லு. மிதமா கிதமான்னு மட்டும் சொல்லாதே."

மறுநாள் கருத்தரங்கக் கூடத்தில் முன்வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறியியல் சார், சமூகவியல் மேடம், வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, சலவைக்கூட மேனேஜர். சராசரி திரையில் படத்தைப் போட்டான். இருபத்திரண்டு பேர், நூற்று அறுபத்திமூன்று. பொறியியல் சார் தலையாட்டினார். மேனேஜர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம். நாங்களும் அதைத்தான் சொல்லிட்டிருந்தோம்" என்றார்.

மிளகு ஒலிவாங்கியைச் சராசரியின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இருபத்திரண்டு இல்ல. இருபத்திமூணு. ஏழாம் எண்ணைப் பிழைன்னு தூக்கிட்டோம். அது பிழை இல்ல. தேய்ப்பு மெஷின்ல ஒருத்தங்க தனியா நிக்கறாங்க. மணிக்கு நானூத்திப் பன்னெண்டு தடவை கையத் தூக்கறாங்க. அவங்களால இப்பச் சொந்தத் தலையச் சீவ முடியாது. அறிக்கையில மிதமான அதிருப்தின்னு நான் எழுதியிருக்கேன், அது பொய். அவங்க என்கிட்ட அழுதாங்க."

தேர்வாளர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "இது கருவியோட பிழை இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க என் சித்தி மேடம். சொல்லச் சொல்லி அவங்களே அனுப்பினாங்க. நான்தான் தினமும் தலைசீவி விடறேன்."

சொன்னதும் சமூகவியல் மேடத்தின் முகம் வெளுத்தது. மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"சித்தியா? அப்படிப் போடுங்க! வீட்டுக்குள்ளயே உக்காந்து பேசி எழுதின ஆராய்ச்சியா இது? சொந்தக்காரங்க சொன்னதை எப்படிங்க நம்பறது?"

தேர்வாளர் அம்மா படிவத்தைப் புரட்டினார். டிக் போட்ட இடத்தில் நிறுத்தினார். "உறவு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. விதிப்படி இந்தப் பதிவை ஏத்துக்க முடியாது. நீக்கித்தான் ஆகணும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. இருந்து என்ன செய்ய? ஏழாம் எண் இரண்டாவது தடவையாக நீக்கப்பட்டது. முதல் தடவை தப்பாக, இந்தத் தடவை முறைப்படி. நீக்க வைத்தது மிளகேதான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் நின்றாள்.

"மேடம்" என்றான் சராசரி. "ஏழை எடுத்துடுங்க. இருபத்திநாலைச் சேத்துக்குங்க."

"யாரது?"

"நான்தான். சனிக்கிழமை அதே மெஷின்ல ஒரு மணி நேரம் நின்னேன். முந்நூத்தி எண்பத்தெட்டு. படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். என் பேரைத் தாராளமா சொல்லிக்கலாம். நான் இவங்களுக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொறியியல் சார் எகிறினார். "நீ பங்கேற்பாளரே இல்ல! இது என்ன புது வழக்கம்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். ஒரு அளவு எக்குத்தப்பா தெரிஞ்சா முதல்ல கருவியச் சரிபாருன்னு. நான் பாக்காமலே தூக்கிட்டேன். இப்பப் பாத்துட்டேன். பட்டை ஆடல." அவன் வலது கையை உயர்த்திக் காட்ட முயன்றான். தோள் வரை வந்து நின்றுவிட்டது. "மூணு நாளாச்சு சார். இன்னும் தூக்க முடியல. நான் ஒரு மணி நேரம்தான் செஞ்சேன். அவங்க எட்டு மாசமா செய்யறாங்க."

தேர்வாளர் அம்மா மேனேஜரின் கடிதத்தை எடுத்து, உரக்கப் படித்தார். எந்த வேலையில் என்றுதான் எழுதியிருந்தது. எந்த ஆளுக்கு என்று எழுதியிருக்கவில்லை. "கையெழுத்து உங்களோடதுதானே?" என்று கேட்டார்.

மேனேஜர் காலைக் கீழே இறக்கினார். "பாக்கறோம்" என்றார். தேர்வாளர் அம்மா விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, மூணு மாசத்துக்குப் போட்டுப் பாக்கறோம்" என்றார் மேனேஜர். மூன்று மாதமாம். தோள் என்ன வாடகைக்கா எடுத்தது?

அடுத்த வாரம் முடிவு வந்தது. சராசரி தேறினான், பாராட்டோடு. மிளகின் பகுதி செல்லாது. உறவை மறைத்ததற்காக. அடுத்த பருவத்தில் புதிதாக ஒரு ஆய்வு செய்து, புதிதாக ஆட்களைப் பேட்டி எடுத்துக் கொடுத்தால்தான் பட்டம். சராசரி ஓடி வந்து, "எனக்கும் வேணாம்னு எழுதிக் குடுத்துடவா?" என்றான்.

"உன் தியாகத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடு" என்றாள் மிளகு. "பாஸானவன் பாஸாயிட்டுப் போ."

வீட்டில் கடிதத்தைக் காட்டியதும் சித்தி ருத்ரதாண்டவம் ஆடினாள். ஒரு டிக்குக்காக ஆறு மாதம் வீணாகிவிட்டதே என்று மிளகைத் திட்டினாள். விதி போட்டவர்களைத் திட்டினாள். அந்த மூன்று மாதத்தைத் தனியாக வைத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே சாப்பாடு போட்டாள். இரண்டாவது ஆள் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் கரண்டி இடது கையில்தான் இருந்தது.

"அடுத்தது எதைப் பத்தி எழுதறதுன்னே தெரியல சித்தி" என்றாள் மிளகு. "திரும்பவும் ஒரு இடம் தேடணும். திரும்பவும் பாவப்பட்டவங்களா பாத்து, எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேக்கணும்."

"ஏன்டி எங்களையே கேட்டுக்கிட்டிருக்க?" சித்தி கரண்டியைத் தட்டில் ஓங்கி வைத்தாள். "எங்களுக்கு வலிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா? இந்தத் தடவை அந்த மேனேஜரைக் கேளு. அங்க இருந்த ஆளை ஏன் எடுத்த, யாரைக் கேட்டு எடுத்தன்னு கேளு. அவன் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எழுது. அவன் ஒண்ணும் நமக்குச் சொந்தம் இல்லையே."